வானத்துல 35 கிலோமீட்டர், ரோட்டுல மூணு மணி நேரம்

இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல விமான ஒப்பந்தம் பேசுற ரெண்டு நாட்டு அதிகாரிங்களுக்கும் சிங்கப்பூர் ஈசூன்லருந்து வணக்கம். உங்க ஒப்பந்தப் பட்டியல்ல மதுரை பேரையும் எழுதுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

நான் பொறந்தது மானாமதுரை. 2004-ல கல்யாணம் முடிச்சு இங்க வந்தேன், இப்ப ஒரு சைல்ட்கேர்ல வேலை பாக்குறேன். இந்த மடல எழுத வச்சது என் சின்ன மகன்தான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் ஸ்கூல் வேலைக்காக பூமி உருண்டைய சாப்பாட்டு மேசையில வச்சுக்கிட்டு, என் தையல் டப்பாவுலருந்து செவப்பு நூல உருவி, ஒரு முனைய சிங்கப்பூர் மேல கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு மறு முனைய திருச்சி வரைக்கும் இழுத்து நூல்ல பேனாவால ஒரு புள்ளி வச்சான். அப்புறம் கட்டைவிரல எடுக்காமலே அதே நூல மதுரைப் பக்கம் திருப்புனான். திருப்பிட்டு, "அம்மா, புள்ளி நகரவே இல்லம்மா, ரெண்டும் ஒரே தூரம்தான்"னு சொன்னான்.

நான் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன், ஈரக் கையோட வந்து பாத்தேன். உண்மைதான், அந்தப் புள்ளி ரெண்டு ஊருக்கும் சரியாப் பொருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொரு ஏர்போர்ட்டோட அட்சரேகை தீர்க்கரேகையப் போட்டு கணக்குப் பாத்தோம். சாங்கி ஏர்போர்ட்டுலருந்து நேர்கோட்டுல சென்னை சுமார் 2,920 கிலோமீட்டர், திருச்சி சுமார் 2,980, மதுரை சுமார் 3,015, கோயம்புத்தூர் சுமார் 3,160. அதாவது திருச்சிக்கும் மதுரைக்கும் இங்கருந்து பாத்தா வித்தியாசம் வெறும் 35 கிலோமீட்டர். விமானம் மேல போனப்புறம் ஒரு நிமிஷத்துக்கு 14 கிலோமீட்டர் போகுதுன்னு வச்சுக்கிட்டா ரெண்டரை நிமிஷம். நாம பெல்ட்டப் போட்டுக்கிட்டு ஜன்னல் மறைப்பத் தூக்கி விடுற நேரம், அவ்வளவுதான்.

ஏன் இப்படின்னா ரெண்டு ஊரும் நமக்கு முன்னாடி பின்னாடி இல்ல, பக்கத்துல பக்கத்துல நிக்குது. சிங்கப்பூர்லருந்து பாக்குறப்ப வரிசையில தோளோட தோள் ஒட்டி நிக்கிற ரெண்டு பேர் மாதிரி, யாருகிட்ட போனாலும் ஒரே நடைதான். ஆனா அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம் இருக்கே, ஏர்போர்ட்டுலருந்து ஏர்போர்ட்டுக்கு நேரா அளந்தாலே 120 கிலோமீட்டருக்கு மேல, ரோட்டுல அதுக்கும் கூட. அந்தத் தூரத்த விமானம் தாண்டாது, நாங்கதான் தாண்டணும், அதுவும் நடு ராத்திரியில.

இதத்தான் நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். சிங்கப்பூர்லருந்து ஊருக்கு எவ்வளவு நேரம்னு கேட்டா எல்லாரும் நாலு மணி நேரம்னு சொல்லுவாங்க, டிக்கெட்டுலயும் கிட்டத்தட்ட அதான் இருக்கும், நீங்க பேச உக்காருற மேசையிலயும் அந்த நாலு மணி நேரம்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். எங்களுக்கு அந்த நாலு மணி நேரம் பயணத்துல பாதி கூட இல்ல.

ஈசூன்லருந்து சாங்கி போக முக்கால் மணி. மூணு மணி நேரம் முன்னாடி போயிரணும், ஏன்னா ஊருக்குப் போற லைன் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், முஸ்தபா கடைப் பையும் கயிறு கட்டுன அட்டைப்பெட்டியும், பெட்டி மேல மார்க்கர் பேனாவுல பேரும் ஊரும் மாவட்டமும் எழுதி, எடைக்கு மேல போனதுனால தரையில உக்காந்து பெட்டியப் பிரிச்சு மைலோ டின்ன ஒரு பையிலருந்து இன்னொரு பைக்கு மாத்திக்கிட்டு, கோடாலித் தைலத்தக் கைப்பையில போடலாமா வேண்டாமான்னு பக்கத்துல நிக்கிறவங்களக் கேட்டுக்கிட்டு. அந்தப் பெட்டி மேல எழுதுன பேரப் படிச்சுப் பாருங்க. ராமநாதபுரம், பரமக்குடி, இளையான்குடி, சிவகங்கை, அருப்புக்கோட்டை, தேனி. திருச்சிக்குப் போற விமானம்தான் ஆனா அதுல இருக்குறவங்கள்ல எத்தன பேரு மதுரையத் தாண்டிப் போகப்போறவங்கன்னு அந்தப் பெட்டியே சொல்லிரும்.

துவாஸ் பக்கம் டோர்ம்ல, அதாவது தொழிலாளர் விடுதியில, இருக்குற தம்பிங்களுக்கு இன்னும் கஷ்டம், தீவோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு வரணும், துவாஸ் லிங்க்ல எம்ஆர்டி ரயில் ஏறி தானா மேரால மாறி சாங்கிக்கு வரவே ஒன்றரை மணி நேரம் ஆயிரும். வேலை முடிஞ்சு குளிச்சும் குளிக்காம வந்து நிப்பாங்க.

அப்புறம் அந்த நாலு மணி நேரம். கடிகாரத்துல ரெண்டரை மணி நேரம் பின்னாடி போறதால ராத்திரி 9 மணிக்கு ஏறுனா அங்க 10.30-க்கு இறங்குன மாதிரி இருக்கும், ஒண்ணரை மணி நேரத்துல போயிட்டோம்னு புதுசாப் போறவங்க சந்தோஷப்படுவாங்க. (எங்க மாமனார் காலத்துல வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தானாம், 1982-ல சிங்கப்பூர் கடிகாரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளுனப்பதான் ரெண்டரை ஆச்சுன்னு அவரு சொல்லுவாரு. அதுக்கும் முன்னாடி அவங்க அப்பா நாகப்பட்டினத்துலருந்து ரஜூலா கப்பல்ல வந்தவரு. அப்பல்லாம் கப்பல்ல ஏறுனா நாள் கணக்குல தண்ணியிலதான். அவங்க பட்டதோட ஒப்பிட்டா நாங்க சொகுசாப் போறோம், அத நான் மறுக்கல.) ஆனா உடம்புக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. ராத்திரி 10.30-க்கு இறங்குறவங்க உடம்புல நடுச்சாமம் 1 மணி. அதுக்கப்புறம் பாஸ்போர்ட் லைன், பெட்டி வர்றது, கஸ்டம்ஸ், வெளிய வர்றதுக்குள்ள இன்னும் ஒரு மணி நேரம். அப்பத்தான் எங்களுக்கு ரோடு ஆரம்பிக்கும்.

அந்த ரோட்ட நான் உங்களுக்குக் காட்டணும்னு நெனைக்கிறேன்.

2018 ஆகஸ்ட்ல எங்க அப்பா தவறிட்டாரு. சைல்ட்கேர்ல புள்ளைங்கள மத்தியானம் தூங்க வச்சுக்கிட்டு இருந்தேன், போன் சத்தம் போடாம துடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தா தங்கச்சி பேச முடியாம அழுவுறா. அன்னிக்கு மதுரைக்கு நேரா விமானம் இல்ல, திருச்சிக்கு ராத்திரி டிக்கெட் கிடைச்சுச்சு, வீட்டுக்காரரு சின்னவனப் பாத்துக்கிட்டாரு, நான் ஒம்பது வயசுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு கெளம்பிட்டேன். விமானத்துல அழக்கூட இல்ல. திருச்சியில வெளிய வர்றப்ப மணி பதினொன்னே முக்கால். எங்க சித்தப்பா பையனோட சேக்காளி ஒருத்தரு கார் எடுத்துட்டு வந்து நின்னாரு, நல்ல மனுஷன், காலைலருந்து ரெண்டு சவாரி ஓட்டிட்டு மூணாவதா எங்களுக்காக வந்தவரு, துக்க வீட்டு வேலைன்னு காசு கூட பேசல.

விராலிமலை தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தோம். அப்புறம் அவரு பேச்சு கொறஞ்சுச்சு, நானும் கண்ண மூடிட்டேன், அது என் தப்புன்னு இன்னிக்கும் நெனைக்கிறேன், பக்கத்துல உக்காந்தவ தூங்கியிருக்கக் கூடாது. துவரங்குறிச்சிக்கு கொஞ்சம் முன்னாடி டமார்னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் கரகரன்னு இரும்பு தேயிற சத்தம். வண்டி நடுச்சுவர ஒரசிக்கிட்டு ஓடுது. அவரு முழிச்சு ஸ்டியரிங்க ஒடிச்சு எப்படியோ ஓரத்துல கொண்டாந்து நிறுத்திட்டாரு. பின்னாடி லாரி எதுவும் வரல. வந்திருந்தா இத எழுத நான் இல்ல. கண்ணாடி ஒடஞ்சு வயர்ல தொங்குச்சு, கதவு முழுக்க வெள்ளைக் கோடு. என் பொண்ணு அழக்கூட இல்ல, சீட்டுல எழுந்திரிச்சு உக்காந்து "தாத்தா வீடு வந்துருச்சா"ன்னு கேட்டா.

அந்த மனுஷன் ரோட்டோரத்துல குந்தவச்சு உக்காந்து தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. அவரக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, இப்பவும் வரல. கொஞ்ச தூரத்துல ஒரு டீக்கடை தொறந்திருந்துச்சு, அங்க முகம் கழுவ வச்சு ரெண்டு டீ குடிக்க வச்சு, அதுக்கப்புறம் நான் முன்சீட்டுக்கு மாறி கொட்டாம்பட்டி, மேலூர், சிவகங்கைன்னு ஒவ்வொரு போர்டையும் சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்தேன், அவரு தூங்கிரக் கூடாதுன்னு. அப்பா கெடக்குறாரு, நான் ஊர்ப்பேரு படிச்சுக்கிட்டு வர்றேன். வீடு சேர மணி மூணேகாலுக்கு மேல. ஈசூன் வீட்டுக் கதவப் பூட்டுனதுலருந்து எங்க அப்பா மொகத்தப் பாத்த வரைக்கும் பதிமூணு மணி நேரத்துக்கு மேல, அதுல வானத்துல இருந்தது நாலு.

அதே மதுரையில இறங்கியிருந்தா? பெருங்குடியில இருக்குற ஏர்போர்ட்டுலருந்து மானாமதுரைக்கு ஒரு மணி நேரம்தான். தூக்கம் வர்றதுக்குள்ள வீடு வந்துரும்.

எனக்கு நடந்தது ஒண்ணும் பெருசு இல்ல, நாங்க பொழச்சோம். இங்க லிட்டில் இந்தியா டெக்கா மார்க்கெட்டுல மீன் வாங்க நிக்கிறப்ப நாலு பேருகிட்ட கேட்டுப் பாருங்க, திருச்சி மதுரை ரோட்டுல ராத்திரி நடந்த ஒரு கதையாவது எல்லாருகிட்டயும் இருக்கும். நாலு வழிச்சாலை வந்தப்புறம் ரோடு நல்ல ரோடுதான், அதுல கொறை சொல்ல மாட்டேன். தூங்காத டிரைவரதான் எங்களால கொண்டுவர முடியல.

இப்ப ஒப்பந்தத்துக்கு வர்றேன். என் மகளுக்கு இப்ப இந்த விஷயத்துல ஆர்வம் வந்து அவதான் எனக்குப் புரிய வச்சா. ரெண்டு நாட்டுக்கு நடுவுல விமானம் பறக்கணும்னா எந்தெந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தன சீட்டுன்னு ரெண்டு அரசாங்கமும் பேசி எழுதிக்கணும். அந்தப் பட்டியல்ல ஊர்ப்பேரு இருந்தாத்தான் வெளிநாட்டு நிறுவனம் அங்க இறங்க முடியும். இது தவிர 2003-ல வாஜ்பாய் பிரதமரா இருந்தப்ப ஆசியான் நாட்டு (சிங்கப்பூர் மாதிரி தென்கிழக்காசிய நாடுங்க சேந்த கூட்டமைப்பு) விமானங்களுக்குன்னு 18 சுற்றுலா ஊர இந்தியா தொறந்து விட்டுச்சு, அந்த ஊருங்களுக்கு எத்தன விமானம் வேணாலும் விடலாம். அந்தப் பதினெட்டுல திருச்சி இருக்கு. கொச்சி இருக்கு, திருவனந்தபுரம் இருக்கு, கோழிக்கோடு இருக்கு, கயா இருக்கு, கஜுராஹோ இருக்கு. மதுரை இல்ல.

மீனாட்சி அம்மன் கோயில் இருக்குற ஊரு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்க லட்சக்கணக்குல சனம் கூடுற ஊரு, ராமேஸ்வரம் கொடைக்கானல் போறவங்க எல்லாம் வந்து இறங்குற ஊரு, அது சுற்றுலா ஊர் பட்டியல்ல இல்லன்னு என் மக படிச்சுக் காட்டுனப்ப நான் ரெண்டு தடவ திருப்பிப் படிக்கச் சொன்னேன்.

கோயம்புத்தூர் அந்தப் பதினெட்டுல இல்லதான், ஆனா சிங்கப்பூரோட உள்ள ஒப்பந்தத்துல அதுக்கு எடம் கிடைச்சு சிங்கப்பூர் விமானம் பல வருஷமா அங்க போகுது. மேல சொன்ன கணக்கப் பாருங்க, கோயம்புத்தூர் மதுரைய விட இன்னும் 145 கிலோமீட்டர் தள்ளி. அதுக்குப் போக முடியுது. கோயம்புத்தூர்க்காரங்க நல்லா இருக்கட்டும், அவங்களுக்கு வேணும்தான், எங்களுக்கு ஏன் இல்லன்னுதான் கேக்குறேன்.

இதுல இன்னொண்ணு. வெளிநாட்டு விமானமே மதுரையில இறங்கக் கூடாதுன்னு இல்ல. கொழும்புலருந்து ஸ்ரீலங்கன் விமானம் மதுரைக்கு வருது, இலங்கையோட பேசுனப்ப மதுரை பேர எழுதிக்கிட்டாங்க. அதனால எங்க ஊர்க்காரங்கள்ல சில பேரு என்ன பண்றாங்கன்னா சிங்கப்பூர்லருந்து கொழும்பு போய் அங்க மணிக்கணக்கா உக்காந்திருந்து கொழும்புலருந்து மதுரைக்கு வர்றாங்க. மேப்புல சாங்கியிலருந்து மதுரைக்கு நேரா ஒரு கோடு போட்டுப் பாருங்க, மலாக்கா நீரிணைப் பக்கம் ஏறி, சுமத்ராவோட வடக்குப் பகுதிக்கு மேல போய், வங்காள விரிகுடாவுல நீளமா போய், இலங்கையோட வடக்கத் தொட்டு, ராமநாதபுரம் கரைய ஏறி மதுரைக்கு வரும். அந்தக் கோட்டுக்குக் கீழதான் எங்க சனத்தோட வீடு இருக்கு.

இங்க சிங்கப்பூர்லயே பாருங்க, மேக்ஸ்வெல் சாப்பாட்டுக்கடை பக்கம் கடையநல்லூர் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கு. தென்காசிப் பக்கத்துலருந்து வந்து தஞ்சோங் பகார்ல பொழச்ச சனத்தோட ஊரு அது. ஊர்ப்பேர தெருவுக்கு வைக்கிற அளவுக்குப் பழைய ஒறவு. அவங்க இன்னிக்கு ஊருக்குப் போகணும்னா திருவனந்தபுரத்துல இறங்கி மலை ஏறி செங்கோட்டை வழியா வர்றாங்க, இல்லன்னா திருச்சியிலருந்து தெக்க பாதித் தமிழ்நாட்டத் தாண்டி வர்றாங்க. திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடின்னு எல்லாருக்கும் இதே கதைதான்.

நீங்க சொல்லப்போற பதிலும் எனக்குத் தெரியும். வெளிநாட்டு விமானங்களுக்கு எல்லா ஊரையும் தொறந்து விட்டா அவங்க நம்ம பயணிகள அள்ளிக்கிட்டு அவங்க ஏர்போர்ட் வழியா லண்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பிருவாங்க, நம்ம நாட்டு விமான நிறுவனம் வளராதுன்னு இந்தியத் தரப்புல ஒரு வாதம் இருக்கு. அதுல நியாயம் இல்லன்னு நான் சொல்லல. சொந்த நாட்டு நிறுவனம் நல்லா வரணும்னு நெனைக்கிறது சரியான நெனைப்புதான். அப்படின்னா அந்த நிறுவனங்கள தெனமும் மதுரைக்கு விடச் சொல்லுங்க. இந்திய விமானம் சாங்கியிலருந்து நேரா மதுரைக்குப் போயிருக்கு, நானே போயிருக்கேன். அன்னிக்கு வாரத்துல சில நாள்தான் அது இருந்துச்சு. சாவுக்கும் பிரசவத்துக்கும் செவ்வா வியாழன் தெரியாது. அவங்களும் தெனமும் வர மாட்டாங்க, வர்றேன்னு சொல்றவங்களையும் விட மாட்டோம்னா நடுவுல மாட்டுறது அந்த அட்டைப்பெட்டிக்காரங்கதான்.

அடுத்து ரன்வே பத்திச் சொல்லுவீங்க. திருச்சி ரன்வே கிட்டத்தட்ட 2,480 மீட்டர், மதுரை கிட்டத்தட்ட 2,285 மீட்டர், கொஞ்சம் சின்னதுதான். நீளமாக்க நிலம் எடுக்குற பேச்சு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு கெடக்குது, அது சீக்கிரம் முடியணும்னுதான் எங்களுக்கும் ஆசை. ஆனா சிங்கப்பூருக்கு வந்து போற ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானத்துக்கு இருக்குற ரன்வே போதும், வந்து இறங்கிக் காட்டிட்டாங்களே. ராத்திரி மூடிருவோம்னு முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தீங்க, 2024 அக்டோபர்லருந்து மதுரை 24 மணி நேரமும் தொறந்திருக்கு. அந்தக் காரணமும் போயிருச்சு. கஸ்டம்ஸ் இருக்கு, பாஸ்போர்ட் பாக்குற கவுண்டர் இருக்கு. பட்டியல்ல ஒரு பேரு மட்டும்தான் இல்ல.

திருச்சி மேல எங்களுக்கு எந்தக் கோவமும் கிடையாது, இத நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா இத எழுதுனா உடனே திருச்சியா மதுரையான்னு சண்டை போட ஆளு வந்துரும். எங்கள இத்தன வருஷமா ஊருக்குக் கொண்டுபோய்ச் சேத்தது திருச்சிதான். உள்நாட்டுப் பயணிகள விட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமா வந்து போன ஏர்போர்ட் அது, 2024-ல ஜனவரியில தெறந்து வச்சு ஜூன்ல பொழக்கத்துக்கு வந்த புது டெர்மினலப் பாத்தப்ப எனக்கு கண்ணு நெறஞ்சுச்சு. அங்க வந்து நெரிசல்ல நிக்கிற மதுரைப் பக்கத்து சனம் மதுரைக்கே போயிட்டா, தஞ்சாவூர் புதுக்கோட்டை பெரம்பலூர்க்காரங்களுக்கு அங்க சீட்டு கிடைக்கும். தீபாவளி நேரத்துலயும் ஜூன் டிசம்பர் ஸ்கூல் லீவுலயும் டிக்கெட் வெல என்ன ஏறு ஏறுதுன்னு அவங்களும்தான் பாக்குறாங்க. பொங்கலுக்கு அவனியாபுரத்துல மாடு அவுத்து விடுறதப் பாக்கணும்னு என் மகன் நாலு வருஷமா கேக்குறான், அது மதுரை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலதான், அதப் பாக்க நாங்க திருச்சியில இறங்கி சுத்திக்கிட்டு வரணும்.

சிங்கப்பூர்த் தரப்புல பேச வர்றவங்களுக்கும் ஒண்ணு. நீங்க பெரிய ஊருங்களுக்குக் கூடுதல் சீட்டு கேப்பீங்க, டெல்லி மும்பாய் பெங்களூரு, அங்கதான் வியாபாரம் இருக்கு, புரியுது. ஆனா இந்த ஊரோட எம்ஆர்டி சுரங்கத்தத் தோண்டுன கையி, கப்பல் பட்டறையில வெல்டிங் அடிக்கிற கையி, ப்ளாக்குக்குக் கீழ விடிகாலையில கூட்டுற கையி, அதுல எத்தன கையி வைகை ஆத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் உள்ள கிராமத்துலருந்து வந்ததுன்னு உங்ககிட்டதான் கணக்கு இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, இருவது நாள் லீவுல போறவங்க. போறதுக்கு ஒரு நாளும் திரும்புறதுக்கு ஒரு நாளும் அந்த ரோட்டுலயே போயிருது. திரும்பி வர்றப்ப இன்னும் மோசம், ராத்திரி 1 மணிக்கு திருச்சியில விமானம்னா சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் வீட்டுல விளக்கு வச்சதும் வைக்காததுமா கெளம்பணும், காலைல ஏழரைக்கு சாங்கியில இறங்கி, அங்கருந்து நேரா வேலைக்குப் போற தம்பிங்கள நான் எம்ஆர்டியில பாத்திருக்கேன், நின்னுக்கிட்டே தூங்குவாங்க, நெத்தியில அம்மா பூசி விட்ட துன்னூறு அப்படியே இருக்கும்.

நான் கேக்குறது இவ்வளவுதான். அடுத்த தடவ நீங்க ரெண்டு தரப்பும் உக்காந்து பேசுறப்ப மதுரைங்கிற பேர அந்தப் பட்டியல்ல எழுதுங்க. டெல்லிக்கு எத்தன சீட்டுங்கிற பேரம் முடியட்டும் அப்புறம் பாக்கலாம்னு இத அதோட சேத்துக் கட்டாதீங்க, தனியா எடுத்து முடிக்கலாம், வாரத்துக்கு ஏழு விமானம்னு சின்னதா ஆரம்பிச்சாலே போதும், அதுல இந்திய விமானமும் இருக்கட்டும் சிங்கப்பூர் விமானமும் இருக்கட்டும். நேரம் போடுறவங்ககிட்ட சொல்லி பகல்ல போய் இறங்குற மாதிரி ஒண்ணாவது பண்ணுங்க. காலைல 9 மணிக்கு இங்க ஏறுனா அங்க பத்தரைக்கு மதுரை, ஒரு மணி வாக்குல பரமக்குடி சிவகங்கைக்காரங்க வீட்டுல மத்தியானச் சோத்துக்கு உக்காந்துரலாம். டிரைவரும் ராத்திரி அவரு வீட்டுல தூங்கலாம்.

மதுரை, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனிப் பக்கத்து சங்கங்கள் இங்க நடத்துறவங்க இதப் படிச்சா, தயவு செஞ்சு உங்க உறுப்பினருங்க எத்தன பேரு வருஷத்துக்கு எத்தன தடவ திருச்சியில இறங்கி தெக்க போறாங்கன்னு ஒரு கணக்கு எடுங்க. கையால எழுதுன பட்டியலா இருந்தாலும் பரவால்ல. இந்தப் பேச்சுவார்த்தையில நம்ம சனம் எத்தன பேருன்னு காட்ட ஒரு தாளாவது வேணும். ஈசூன் பக்கம் யாராவது இந்த வேலைக்கு இறங்குனா எழுதிக் கொடுக்க, வீடு வீடாப் போய்க் கேக்க நான் வர்றேன், சனிக்கிழமை எனக்கு லீவு.

இந்த டிசம்பர்ல அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன், நாங்க நாலு பேரும் போறோம். தேதிக்கு திருச்சிதான் கிடைச்சுச்சு, ராத்திரியில இறங்குறோம். இந்தத் தடவ திருச்சியிலேயே ரூம் போட்டுத் தூங்கி விடிஞ்சப்புறம்தான் கார் எடுக்குறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அம்மாகிட்ட சொன்னேன். "வாசல்ல லைட்டப் போட்டு வைக்கவா, வேண்டாமா"ன்னு கேட்டாங்க.

இப்படிக்கு,
மானாமதுரையில பொறந்து ஈசூன்ல இருக்குற ஒருத்தி